ஆறு வருஷம் உள்ளே கிடந்த சீடி

"பழைய ஸ்கேன் வச்சிருக்கீங்களா?" என்று தேனி டாக்டரம்மா கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "பத்திரமா இருக்கு மேடம்." என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பத்திரமாக வைத்த எதுவும் தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்ததில்லை.

அவர் ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன் போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கி, ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு வரும் பெண்களைப் போடியில் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் உடும்பஞ்சோலைப் பக்கம் கொண்டுவந்து விடுவார். சாயங்காலம் மறுபடி இறக்கிவிட்டு வீட்டுக்கு ஏறி வருவார். இருபது வருஷமாக இதே வேலை. இந்த ஜூனில் முதல் மழையோடு வந்த காய்ச்சல் இரண்டு வாரமாகியும் விடவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் என்னவோ தெரிகிறது என்று தேனிக்கு அனுப்பினார்கள். தேனியில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் ஒரு புள்ளி இருந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சலுக்கு ஸ்கேன் எடுத்தோம்னு சொல்றீங்க. அதுலயும் இந்தப் புள்ளி இதே அளவுல இருந்தா இது பழைய தழும்பு, விட்டுரலாம். அப்ப சின்னதா இருந்து இப்ப வளந்திருந்தா ஊசி விட்டு சதை எடுத்துப் பாக்கணும். பழைய படமே இல்லேன்னாலும் எடுத்துத்தான் பாக்கணும், ஊகத்துல விட முடியாது. வியாழக்கிழமை வாங்க." எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "சீடியா கொண்டு வராதீங்க. எங்க கம்ப்யூட்டர் எதுலயும் சீடி போடற இடமே இல்ல. பென்டிரைவ்ல போட்டுக் கொண்டு வாங்க."

அன்று திங்கட்கிழமை. வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். பழைய ஸ்கேனின் பிலிம் நாலும் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாக இருந்தன. பிரித்தால் கறுப்பு உரிந்து வந்தது. ரிப்போர்ட் கிடைத்தது. அதில் 'சிறிய புள்ளி' என்று எழுதியிருந்தானே தவிர எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதவில்லை. சிறிய என்றால் எவ்வளவு சிறிய? கடுகா, மிளகா, ஏலக்காயா? எடுத்த இடத்தில் போய்க் கேட்கலாம் என்றால் அந்த ஸ்கேன் சென்டரை மூடி நாலு வருஷமாகிறது. அங்கே இப்போது பேக்கரி.

மிச்சம் இருந்தது சீடி ஒன்றுதான். அது எங்கே இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே நன்றாகத் தெரியும். எங்கள் மகள் காலேஜ் படித்தபோது அவளுக்காக ஒரு பழைய லேப்டாப் வாங்கினோம், அரிவாள்மணைக் கனத்தில் ஒன்று. அவள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதும் தட்டையாக ஒன்றை வாங்கிக்கொண்டு இதை எங்களிடம் விட்டுவிட்டாள். அந்த ஸ்கேன் சீடியை இவர் அதில் போட்டுத் தன் நெஞ்சைத் தானே பார்த்து ஆச்சரியப்பட்டார். பார்த்து முடித்தபோது சீடியின் பெட்டி என் கால்பட்டு உடைந்திருந்தது. "உள்ளயே கெடக்கட்டும், அதவிட பத்திரமான எடம் எது" என்று மூடிவிட்டார். அதற்குப் பிறகு அந்த சீடி டிரைவை யாரும் திறந்ததில்லை.

லேப்டாப்பை எடுத்து மின்சாரத்தில் செருகினேன். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, ஆனால் மிஷின் எழுந்துகொண்டது. டிரைவின் பட்டனை அழுத்தினேன். டிக்கென்று ஒரு சத்தம். தட்டு வெளியே வரவில்லை. மறுபடி அழுத்தினேன். டிக். இருபது தடவையாவது அழுத்தியிருப்பேன். கம்ப்யூட்டர் திரையில் உள்ளே ஒன்றுமே இல்லை என்று காட்டியது.

எனக்குப் பயம் வந்தால் அது நேராகக் கோபமாகத்தான் வெளியே வரும். "யாராச்சும் சீடிய உள்ள வச்சுப் பூட்டுவாகளா? ஒரு பாலித்தீன் கவர்ல போட்டு வச்சிருந்தா என்னா? எதுலயும் ஒரு ஒழுங்கு கெடையாது ஒங்களுக்கு" என்று பிடித்துக்கொண்டேன். அவர் பாட்டுக்கு ஜீப் பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குக் கோபம்தான்.

அவர் வேறொரு காரியத்தில் இருந்தார். தேனியிலிருந்து வந்த நேரத்திலிருந்து எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். தண்ணீர் தொட்டியின் வால்வு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், ஜீப் பேப்பர்கள் எந்தப் பையில் இருக்கின்றன, பியூஸ் போனால் எந்தக் கம்பி. முப்பது வருஷமாக ஒரு பல்புகூட என்னை மாற்றவிடாத மனுஷன். "இந்தா, இதப் பாத்துக்க" என்று கூப்பிடும்போதெல்லாம் வேறு வேலை இருப்பதாக நகர்ந்துவிடுவேன். ஒரு கட்டத்தில், "சாகும்போது சொல்லுங்க, அப்பத் தெரிஞ்சுக்கிறேன்" என்று கத்திவிட்டேன். கத்தினபிறகு அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஜாருக்கு ஓடினேன். மொபைல், கம்ப்யூட்டர் எல்லாம் சரிசெய்யும் கடை ஒன்றுதான் உண்டு. கடைக்காரர் மலையாளி, என் வயசுக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டுதான் எதையும் பார்ப்பார். பட்டனை அழுத்தி, காதை வைத்துக் கேட்டார்.

"டிரைவ் போயி சேச்சி. மாத்தணும்."

"மாத்துங்க."

"இதொக்கே பழைய சாதனம். இப்போ ஆரும் கேக்கறதில்ல. ஆர்டர் போட்டா பத்து திவசம், பத்து நாளு பிடிக்கும்."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தார். உள்ளே போய்ச் சாமான்களைப் புரட்டி, இன்னொரு பழைய லேப்டாப்பைத் தூசியோடு கொண்டுவந்தார். போன துலாவர்ஷத்தில், அதாவது ஐப்பசி மழையில், இடிவெட்டிப் போர்டு கருகிப்போனது அது. எங்கள் மலையில் இடி விழுந்து செத்த டிவியும் பிரிட்ஜும் எல்லாக் கடையிலும் கிடக்கும். அன்றுதான் அந்த இடி ஒருவருக்கு உபகாரமானது. கவிழ்த்துப் போட்டு, அடியிலிருந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, ஓரத்தில் நெம்பினார். டிரைவ் முழுசாகக் கையோடு வந்தது.

"கண்டோ? ஒரே ஒரு ஸ்க்ரூ. பழசையும் இது மாதிரி ஊரி எடுக்கணும், இத உள்ள தள்ளணும். அளவு ஒண்ணுதான். முன்னால இருக்கற மூடி மட்டும் வேற கம்பெனி, பழசுல இருந்து மாத்தணும். பின்னால குட்டித் தகடு ஒண்ணு இருக்கும், அதையும் மாத்தணும். மறந்துறக்கூடாது."

"நீங்களே மாத்தித் தந்துருங்களேன்."

"நம்ம சீடி உள்ளல்லவா இருக்கு. அத மெல்ல எடுக்கணும், ஓட்டையில பின்னக் குத்தித் தட்ட வரவைக்கணும். தெரக்கு பிடிச்சு அவசரமா செய்யற வேல இல்ல அது. நாளைக்கு ஹர்த்தால். இன்னிக்கு இப்பவே பூட்டிட்டு நான் தொடுபுழைக்குப் போறேன், பெங்ஙள், என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். வீட்ல வச்சு சமாதானமா, மெதுவா செய்யுங்க சேச்சி. தையல் மிஷின் தெரியுமில்லையா? அவ்வளவுதான்."

தையல் மிஷின் தெரியும். ஆனால் தையல் மிஷினுக்குள் புருஷனின் நெஞ்சு இருக்காதே.

மறுநாள் ஹர்த்தால். ரோட்டில் வண்டி ஓடவில்லை, பஜார் திறக்கவில்லை, வெளியே நூல் நூலாக மழை. அவர் வீட்டில் இருந்தார். பாயை விரித்து, வெள்ளைத் துண்டைப் போட்டு, அதன்மேல் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தேன். தையல் மிஷினின் சின்ன ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தேன். அந்த ஒரே ஒரு ஸ்க்ரூ அசையவில்லை. இந்த மலையில் எது துருப்பிடிக்காமல் இருந்தது? அழுத்தித் திருகினேன், ஸ்க்ரூவின் தலையில் இருந்த பள்ளம் மழுங்கத் தொடங்கியது. இன்னொரு தடவை வழுக்கினால் அது வட்டமாகிவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது.

"இரு" என்றார் அவர்.

"நீங்க பேசாம இருங்க."

அவர் எழுந்து ஜீப்பின் டூல் பையிலிருந்து பழைய டியூப் துண்டு ஒன்றை எடுத்துவந்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ரப்பரை வெட்டி, ஸ்க்ரூவின் தலைமேல் வைத்து, அதன்மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். "இப்ப நேரா அமுக்கு. திருகுறத பெறகு பாப்போம். மொதல்ல அமுக்கு." என் கையின்மேல் தன் கையை வைத்து அமுக்கினார். காய்ச்சல் விட்ட கை, சில்லென்று இருந்தது. ரப்பர் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. கிரீச்சென்று ஒரு சத்தம், ஸ்க்ரூ சுற்றியது.

"என்னா பண்ணுனாலும் வண்டிகாரன் வண்டிகாரந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார்.

டிரைவ் வெளியே வந்தது. அதன் முகத்தில் ஒரு சின்ன ஓட்டை. ஊக்கை நிமிர்த்தி அதற்குள் விட்டேன். உள்ளே ஏதோ நெகிழ்ந்து தட்டு அரை விரற்கடை வெளியே நீண்டது. இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்தேன். சீடி தெரிந்தது. தூக்கினேன், வரவில்லை. நடுவில் சீடியைப் பிடித்துக்கொள்கிற குமிழைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அது உருகிக் களிம்பாகி சீடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரங்களிலிருந்த ரப்பர் கட்டைகளும் வெல்லப்பாகு மாதிரி இளகிக் கிடந்தன.

அப்போதுதான் வாசனை அடித்தது. ஏலக்காய் வாசனை. தட்டின் மூலைகளில் பார்த்தேன். ஏலக்காயின் காய்ந்த காம்புத் துணுக்குகள், பொடிப்பொடியாக.

அவை எங்கிருந்து வந்தன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

நான் ஏல ஸ்டோரில் கணக்கெழுதுகிறேன். ஸ்டோர் என்றால் விற்கிற கடை இல்லை, பச்சை ஏலக்காயை அடுப்பு மூட்டி இரவும் பகலும் உலர்த்துகிற கட்டடம். மழைக்காலத்தில் உடும்பஞ்சோலையில் காய்ந்த இடம் என்றால் அது ஒன்றுதான். அதனால் அங்கே வேலை பார்க்கிற நாங்கள் எல்லாரும் ஈரத்தில் கெட்டுப்போகிறதையெல்லாம் அங்கேதான் கொண்டுபோய் வைப்போம். பிள்ளைகளின் ஷூ, ரேஷன் கார்டு, சர்டிபிகேட், பட்டுச்சேலை, ஒருத்தி தன் கல்யாண போட்டோ ஆல்பம்கூட வைத்திருந்தாள். சீசன் தொடங்கினால் நான் லேப்டாப்பை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுபோய், உலர்த்துகிற அறையின் மேல்பரணில் ஏற்றிவிடுவேன். மழை முடிந்தால் திரும்ப எடுத்து வருவேன். வருஷா வருஷம் செய்தேன். பூஞ்சணம் பிடிக்காமல் காப்பாற்றுகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது என் வீட்டுக்காரருக்கு என்றைக்குமே தெரியாது, ஆகவே இதுவும் தெரியாது. ஆறு சீசன் அவருடைய நெஞ்சுப் படத்தை ஏலக்காயோடு சேர்த்து நான் வேகவைத்திருக்கிறேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அவர் குனிந்து உருகிய ரப்பரைப் பார்த்தார். "நாந்தேன் உள்ள போட்டு மூடுனேன். ஏந்தப்புதேன்" என்றார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. திட்டுவதற்கு மட்டும் வருகிற வாய் எனக்கு. "சரி விடுங்க, டார்ச்ச நேரா பிடிங்க" என்றேன், ஏதோ மன்னித்துவிட்டவளைப் போல.

சீடிக்கு அடியில் விரலைக் கொடுத்து, வளையத்தின் ஓரமாகத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். பிசினிலிருந்து பிய்வது போல வந்தது. நடுவில் கறுப்பாக ஒரு வளையம் ஒட்டியிருந்தது. நல்லவேளை, விஷயமெல்லாம் அந்த வளையத்துக்கு வெளியேதான் இருக்கும் என்று மகள் போனில் சொன்னாள். அவருடைய பழைய பனியனால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றித் துடைக்காமல் நேராகத் துடைத்தேன். சீடியைக் கண்மட்டத்தில் வைத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். வளைந்த மாதிரியும் இருந்தது, வளையாத மாதிரியும் இருந்தது.

கடைக்காரர் கொடுத்த டிரைவை உள்ளே தள்ளினேன். அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது, ஸ்க்ரூ ஓட்டை பொருந்தவில்லை. தகடு. மறக்கக்கூடாது என்று அவ்வளவு தூரம் சொல்லி அனுப்பியதை நான் மறந்திருந்தேன். மறுபடி வெளியே எடுத்து, பழைய டிரைவின் பின்னாலிருந்த தகட்டை இரண்டு பொடி ஸ்க்ரூவோடு கழற்றி இதில் மாட்டினேன். முன்மூடியை மாற்றும்போது அதன் கொக்கி ஒன்று உடைந்தது. மூடியே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பல் போன வாயாக ஒரு பக்கம் திறந்திருந்தால் என்ன, அழகுக்கா செய்கிறோம்.

பட்டனை அழுத்தினேன். தட்டு தானாக வெளியே வந்தது. சீடியை வைத்து மூடினேன். விர்ரென்று சுற்றியது, நின்றது. மறுபடி விர்ரென்று சுற்றியது, நின்றது. நான் லேப்டாப்பைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. "வந்துருச்சு" என்றார் அவர்.

திரையில் அவருடைய பெயர், ஆறு வருஷத்துக்கு முந்தைய வயசு, வரிசையாகப் படங்கள். பென்டிரைவில் ஏற்றக் கொடுத்ததும் நாற்பது நிமிஷம் ஆகும் என்று காட்டியது. மழைநாளில் எங்கள் பக்கம் நாற்பது நிமிஷம் சேர்ந்தாற்போல் கரண்ட் இருப்பது அபூர்வம். பேட்டரியும் இல்லை. காற்று அடிக்கிறபோதெல்லாம் பல்பு மங்கியது. அவர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாரா தெரியாது. நான் மின்சார ஆபீஸ்காரர்களிடம்தான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன், கடவுளைவிட அவர்கள் கையில்தான் அது இருந்தது. கடைசிப் படமும் ஏறி முடிந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. போகட்டும் என்று இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம்.

வியாழக்கிழமை. டாக்டரம்மா பென்டிரைவைச் செருகி, ஒரே திரையில் இடது பக்கம் பழைய படத்தையும் வலது பக்கம் புதிய படத்தையும் வைத்தார். மவுஸை உருட்டி உருட்டி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார். கோடு இழுத்து அளந்தார். இன்னொரு கோடு இழுத்தார். நான் என் வீட்டுக்காரரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பிடித்திருப்பது எனக்கே தெரியவில்லை.

"அப்பவும் ஏழு மில்லி. இப்பவும் ஏழு மில்லி" என்றார். "ஆறு வருஷமா அது ஒரு முடி அளவுகூட அசையல. எப்பவோ சளி பிடிச்சு ஆறின தழும்பு. ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்தக் காய்ச்சல் வேற, அதுக்கு மாத்திரை முடிங்க. ஒரு வருஷம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டுங்க."

"வயித்துல பால வாத்தீங்க மேடம்" என்றேன். என் வீட்டுக்காரர் கும்பிட்டார். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது, நன்றாகவே அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, பாவம், ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். இல்லம்மா, நல்ல சேதிதான் என்று சொல்லவும் எனக்கு மூச்சு கிடைக்கவில்லை.

போடியில் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் இரண்டாவது தடவை சோறு வாங்கியபோது சொல்லிவிட்டேன். ஸ்டோர், மேல்பரண், ஆறு சீசன், எல்லாவற்றையும். "ஒங்க மேல பழியப் போட்டுட்டு அப்பவும் சும்மா இருந்தேன்" என்றேன்.

ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார். "ரேடியோவையும் அங்கதேன் வச்சியா?"

"ஆமா."

"அதேன் பாடாம போச்சு" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் பதிலுக்குச் சண்டை போடத் தயாராக இருந்தேன், அதற்கு வழியே விடவில்லை.

மலை ஏறத் தொடங்கினோம். மழை விட்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. பத்து நாள் ஜீப்பைத் தொடாமல் இருந்துவிட்டு இன்று ஓட்டுவதால் கியரை மாற்றும்போது அவருக்கே சந்தோஷமாக இருந்தது என்று நினைக்கிறேன், தேவையில்லாத இடத்திலும் ஹார்ன் அடித்தார். ஒரு வளைவில் காய்கறி லாரி ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் திணறி ஏறியது. அந்தப் புகையில் அவர் இருமினார். நன்றாக நாலைந்து தடவை, கண்ணில் தண்ணீர் வர இருமினார். இருமி முடித்துவிட்டு, மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.